காட்டாறு கெளம்பப் போகுது

குதூகலபுரி பார்க்குக்குங்களா? இந்த அன்னூர் பஸ்ஸுதானுங்க. உக்காருங்க, உக்காருங்க. நானும் அங்கதான் எறங்கறேன். கோயில்பாளையம் தாண்டி ஒரு வளைவு வரும், அங்கியே கண்டக்டர் விசிலடிச்சுருவாரு. கொஞ்சம் கிட்டக்க வந்து உக்காருங்க தம்பி. என்ற தொண்டை இப்படித்தான், கரகரன்னு. இந்த பஸ்ஸு சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்காது.

காட்டாறு ஏறத்தானே போறீங்க? தெரியுமுங்க. அங்க போறவங்க வேற எதுக்குப் போறாங்க? நீச்சல் குளம் இருக்குது, பேய் வீடு இருக்குது, என்னென்னமோ இருக்குது. கேட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச ஒடனே எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். "அந்த மரத்து ரயிலு எங்கிங்க?" முழுக்க மரமுங்க. தூணு மரம், சட்டம் மரம், குறுக்குக் கட்டை மரம், அதும்மேல தண்டவாளம். வண்டியைச் சங்கிலி மேல இழுத்துட்டுப் போகும். உச்சியில சித்த நேரம் நிக்கற மாதிரி இருக்கும். அப்பறம் விட்டுரும். அவ்வளவுதானுங்க. இதுக்குப் போயி ஊரே வருது.

போங்க. நல்லா ஏறுங்க. நான் தடுக்கலீங்க. ஆனா அந்தப் பார்க்கு மொதலாளி இருக்கறான் பாருங்க, கிருபாகரன், அவன் நாசமாப் போகோணும். அதை மட்டும் சொல்லிப்போடறேன். பாத்தா சிரிச்ச மொகமா இருப்பான். வெள்ளைச் சட்டை போட்டுட்டு 'வாங்ணா, சாப்பிட்டீங்களாங்ணா'ம்பான். நம்பிப்போடாதீங்க. என்ற குரலைத் திருடினவனுங்க அவன்.

சிரிக்கறீங்க. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. கலெக்டர் ஆபீசுலயே சிரிச்சாங்க. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். சரவணம்பட்டி சிக்னல் தாண்டவே இன்னும் நேரமாகும்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மைக் முத்துன்னு சொன்னாத்தான் இந்தப் பக்கம் தெரியும். எலெக்சன் வந்தா ஆட்டோவுல மைக் கட்டிட்டுப் போறது, கல்யாண மண்டபத்துல 'சாப்பாடு ரெடி, மாப்பிள்ளை வீட்டார் வரவும்'னு சொல்றது, கோயில் கும்பாபிசேகத்துல பேரு வாசிக்கறது, எல்லாம் நாந்தான். எந்தக் கட்சிக்கும் பேசுவேன். காலையில ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. ஆளு எவனா இருந்தா என்னங்க, குரலு ஒண்ணுதானே. என்ற குரலு அப்ப எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல நின்னு பேசினா ரெண்டு தெருவு தள்ளி மாவாட்டற பொம்பளை கையை நிறுத்திப்போட்டுக் கேப்பா.

கிருபாகரனோட அப்பா சென்னியப்பன் இருந்தாரு. அவரு மனுசன். மில்லு வெச்சிருந்தவரு, வெளிநாடு போயி இந்த மாதிரி மரத்துல ஒண்ணைப் பாத்துட்டு வந்துட்டாரு. வந்தவரு சும்மா இருக்கலை. கப்பல்ல மரம் வருது, வெள்ளைக்கார இஞ்சினியரு வர்றான், நம்மூரு ஆசாரிமாருக மேல ஏறி ஆணியடிக்கறாங்க, ஒரே அமக்களம். கட்டி முடிச்சு, காட்டாறுன்னு பேரு வெச்சு, பூசை போட்டுத் தொறந்தா, ஒருத்தருமே ஏறலீங்க! கூட்டம் வந்துருக்குது. அண்ணாந்து பாக்குது. சோதனைக்கு மணல் மூட்டையை வெச்சு ஓட்டிக் காட்டறாங்க. மரமெல்லாம் கிறீச்சுங்குது. ஒரு அம்மிணி, "ஐயோ, தேராட்டம் ஆடுதே!"ன்னு கத்திப்போட்டா. அம்புட்டுத்தான், எல்லாரும் நாலடி பின்னால போயிட்டாங்க.

பெரியவரு என்னைத் தேடி ஆள் விட்டாரு. நான் வந்து மைக்கைப் புடிச்சேன். எழுதிக் குடுத்தது ஒண்ணும் இல்லீங்க, நின்ன எடத்துல வந்தது. "வாங்க வாங்க! கண்ணாடி போட்டவங்க கழட்டுங்க, பல்லு கட்டினவங்க இறுக்கிக் கடிங்க, பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னவங்க இப்பவே சொல்லிப்போடுங்க! மேல போறப்ப நீங்க சாமியைக் கூப்புடுவீங்க, கீழ வர்றப்ப சாமி உங்களைக் கூப்புடும்! காட்டாஆஆறு... கெளம்பப் போகுது!"

பஸ்ஸுல இதுக்கு மேல வேண்டாமுங்க, திரும்பிப் பாக்கறாங்க. இப்ப சொன்னா பாட்டரி தீந்த ரேடியோவாட்டம் இருக்குது. அப்ப கேக்கோணும் நீங்க.

மொத மொதல்ல ஏறினது ஒரு கல்யாணப் பொண்ணுங்க. கழுத்துல தாலிக்கயிறு மஞ்சள் கூட வெளுக்கலை. மாப்பிள்ளை ஏறலை. அந்தப் புள்ள செருப்பைக் கழட்டி அவன் கையில குடுத்துப்போட்டு, நான் பேசி முடிக்கறதுக்குள்ளயே போயி முன்வரிசையில உக்காந்துருச்சு. ஒத்தையாப் போச்சு, ஒத்தையா வந்துச்சு. எறங்கறப்ப தலையெல்லாம் கலைஞ்சு, கண்ணுல தண்ணி, அழுகுதா சிரிக்குதான்னு தெரியலை. மூச்சு வாங்கிட்டு, "இன்னொருக்கா போகலாமுங்களா?"ன்னு கேட்டுச்சு. அப்ப பாருங்க கூட்டம், அடிச்சுப் புடிச்சுட்டு வருது. யாரு ஏத்தினது? நானுங்க. மரமாங்க ஏத்துச்சு?

அன்னியில இருந்து எனக்கு அங்கதான் வேலை. ஏறுற எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு சின்னக் கூண்டு, அதுல நானும் மைக்கும். என்ற சம்சாரம் செல்வநாயகிக்கும் அங்கியே ஒரு வேலை போட்டுக் குடுத்தாரு பெரியவரு. வண்டி ஏறறதுக்கு முன்னால கண்ணாடி, போனு, செருப்பெல்லாம் வாங்கி வெச்சுட்டு டோக்கன் குடுக்கற கவுண்டரு இருக்குது பாருங்க, அதுல அவ. எனக்கு நேர் எதுத்தாப்பல. காலையில ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், சாயங்காலம் ஒண்ணா வருவோம். பகல் முச்சூடும் நான் ஊருக்கெல்லாம் பேசறதை அவ கேட்டுட்டிருப்பா. வீட்டுக்கு வந்தா நான் பேசறதில்லை. தொண்டைக்கு ஓய்வு குடுக்கோணுமில்லீங்க?

நானு? ஏறினது இல்லீங்க. அட, பயமெல்லாம் ஒண்ணும் இல்லை. மைக்கை வுட்டுப்போட்டு எப்படி ஏறறது?

பெரியவரு போய்ச் சேந்தாரு. மகன் வந்தான். அதுக்கப்பறந்தானுங்க எல்லாம். எனக்குத் தொண்டையில சின்னதா ஒரு கட்டு. சதை வளந்துருக்குது, பேசறதைக் கொறைக்கோணும், கத்தவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு நாளு கிருபாகரன் வந்து, "முத்தண்ணா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நல்லா அனுபவிச்சுப் பேசுங்க, ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கலாம். உங்களுக்கு முடியாத அன்னிக்கு ஓட்டிக்கலாமுங்ணா"ன்னான். நானும் வெகுளியாப் பேசிப்போட்டேன். கல்யாணத்துக்குப் போறவனாட்டம் சட்டையெல்லாம் மாத்திட்டு வந்து பேசினேன்.

அடுத்த வாரம் கூண்டுக்குப் போறேன், கூண்டு பூட்டிக் கெடக்குது. மேல ஒலிபெருக்கியில என்ற குரலு, "வாங்க வாங்க!"ங்குது. நான் இங்க நிக்கறேன், அது அங்க கூப்புடுது. கிருபாகரன் ஓடியாந்து, "இனிமே நீங்க கத்த வேண்டாமுங்ணா, வாசல் கேட்டு ஆபீசுல உக்காந்து வர்றவங்களைப் பாத்துக்குங்க, அதே சம்பளந்தான்"னான். பாத்தீங்களா தந்திரத்தை? குரலை வாங்கிட்டு ஆளை நாற்காலியில உக்கார வெக்கறான். உன்ற நாற்காலி எனக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டு வெளிய வந்துட்டேன்.

வெளிய வந்தா எம்பொண்டாட்டி வரோணுமில்லீங்க? வரலை. டோக்கனைக் கையில புடிச்சுட்டு நின்னுட்டிருந்தா. சாயங்காலம் வீட்டுல கேட்டா, "உங்களைக் கத்த வுட வேண்டாம்னு நாந்தானுங்க அந்தக் கிருபாகரன் தம்பிகிட்ட கேட்டேன். நீங்க ராத்திரியெல்லாம் தொண்டையைப் புடிச்சுட்டு உக்காந்துருக்கறதை என்னால பாக்க முடியலீங்க"ன்னா. எப்படி ஏமாத்தியிருக்கறான் பாருங்க அவளை. என்ற சொந்தப் பொண்டாட்டியையே கூட்டுச் சேத்துட்டானுங்க.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். இந்தக் காட்டாறை இழுத்து மூட வெக்கலைன்னா நான் நாச்சிமுத்து இல்லைன்னு.

அப்பத்தான் ரோட்டுக்கு எதுத்த பக்கம் புதுசா ஒரு பார்க்கு வந்துச்சு. விண்கோட்டைன்னு பேரு. அங்கியும் ஒரு ரயிலு, மின்னல்னு, முழுக்க இரும்பு. சத்தமே வராது. தலைகீழாப் போகும், பக்கவாட்டுல சுத்தும். நான் நேராப் போயி மேனேஜரைப் பாத்தேன். "அந்தக் குரலாங்க நீங்க!"ன்னு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. பாத்துக்குங்க, குரலுக்கு மருவாதை. மைக்கைப் புடிச்சு ரோட்டைப் பாத்து நின்னுட்டேன். எங்கிட்ட இருந்து ஒருத்தன் அந்தப் பக்கம் போகக் கூடாது. தொண்டை கிழியக் கூப்புடறேன். "வாங்க வாங்க! மின்னல், மின்னல்!"

ஜனங்க என்ன பண்ணினாங்க தெரியுங்களா? பஸ்ஸை வுட்டு எறங்கறாங்க, என்ற குரலைக் கேக்கறாங்க, மொகமெல்லாம் மலந்து போயி கிட்ட வந்து, "காட்டாறுக்கு இந்த வழியாப் போகோணுமுங்களா?"ங்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? சில பேரு ரெண்டுலயும் ஏறுவாங்க. மின்னல்ல எறங்கி வந்து, "நல்லாத்தானுங்க இருக்குது, லிப்டுல போற மாதிரி இருக்குது"ம்பாங்க. அப்பறம் மறுபடியும் ரோட்டைத் தாண்டிப் போயிருவாங்க. ஒரு காலேஜுப் பையன்கிட்டக் கேட்டே போட்டேன். அதுல அப்படி என்னடா இருக்குது, தலைகீழாக் கூடப் போகாதேன்னேன். "இது கெட்டியா இருக்குதுங்ணா, ஒண்ணும் ஆகாதுன்னு தெரியுது. அது ஆடுதுல்லங்ணா. ஒவ்வொருக்காவும் இன்னிக்குப் போச்சுன்னு தோணுது. அப்பறம் உசுரோட வந்தர்றோம்"ன்னான். கேட்டீங்களா பேச்சை.

நான் இன்னும் சத்தமாக் கூப்புட்டேன். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில நானு, இந்தப் பக்கம் மைக்குல நானு. எனக்கும் எனக்கும் போட்டி. அது இருமாது, தண்ணி குடிக்காது, பாழாப்போனது. ஒரு நாளு நடுவாந்தரத்துல, 'மின்'ன்னேன், 'னல்' வரலை. வாயைத் தொறக்கறேன், காத்துதான் வருது. கூட்டம் நான் ஏதோ வெளையாட்டுக் காட்டறேன்னு கை தட்டுச்சு.

ஆசுபத்திரியில ஆப்பரேசன் பண்ணினாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லை, குரலு இவ்வளவுதான்னுட்டாங்க. இந்தாங்க, இப்பக் கேக்கறீங்களே, இது. கிருபாகரன் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தான். நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். சாகறனான்னு பாக்க வந்துருக்கறான். நாயகி அவனுக்குக் காப்பி வாங்கிக் குடுக்கறா! எனக்கு எரிச்சல்ல தையல் பிரிஞ்சுரும் போல இருந்துச்சு.

விண்கோட்டையில வேற ஆளைப் போட்டுட்டாங்க. போட்டுட்டுப் போகட்டும். எனக்கு வேலையா பெருசு? பழிதானுங்க பெருசு. கத்தத்தான் முடியாது, ரகசியம் பேசலாமுல்ல? ரகசியத்துக்கு இந்தக் குரலுதான் தோது. பார்க்கு ஸ்டாப்புல ஒரு டீக்கடை இருக்குது. அங்க உக்காந்துட்டு, வர்றவன் போறவன் காதுல, "அந்தப் பக்கமாப் போறீங்க? பாத்துப் போங்க. மரமெல்லாம் செல்லு அரிச்சுருச்சு. காலங்காத்தால சுத்தியலெடுத்துட்டு ஆளுக மேல ஏறறாங்களே, எதுக்குன்னு நெனைச்சீங்க?"ன்னு ஊதிவுட்டேன். அது தெனமும் ஆணி போல்ட்டெல்லாம் சரியா இருக்குதான்னு பாக்கறதுங்க, பெரியவரு காலத்துல இருந்து நடக்கறதுதான். அதை எதுக்கு நான் சொல்லோணும்?

பொரளி நல்லாப் பரவுச்சு. திருப்பூரு வரைக்கும் போச்சு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன், ரோட்டுல வண்டி நிறுத்த எடமில்லை. "செல்லரிச்ச ரயிலாமே, உளுகறதுக்குள்ள ஒருக்கா ஏறிப்போடலாம்"னு வந்துருக்கறாங்க. டீக்கடைக்காரனே கடையைச் சாத்திப்போட்டுக் குடும்பத்தோட வரிசையில நிக்கறானுங்க. "ஏண்டா, நான் சொன்னது?"ன்னா, "நீங்க சொன்னதுல இருந்து எனக்கு உறக்கமே வரலீங்ணா, என்னன்னு பாத்தரோணும்னு இருக்குது"ங்கறான்.

இது மரத்துல கை வெச்சா வேலைக்காகாது, குரல்ல கை வெக்கோணும்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஜனங்களை அங்க இழுக்கறது யாரு? நாந்தானே? என்ற குரலு. அதை எடுத்துட்டா வெறும் வெறகுதானுங்க அது.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போனேன். வெளிய மரத்தடியில மனு எழுதறவரு, "என்னத்தைக் காணோம்?"ன்னாரு. குரலுங்கன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. உள்ளே வரிசையில நிக்கறவங்க சிரிக்கறாங்க, பட்டா வாங்க வந்தவங்க, பென்சன் வாங்க வந்தவங்க எல்லாம். ஆனா ஒரு அதிகாரியம்மா கிட்டக்க உக்கார வெச்சுக் கேட்டாங்க. நான் பேசறதைக் கேட்டுட்டு, ஒலிபெருக்கியில இருக்கறது இந்த ஆளு குரலுன்னு தெரிஞ்சதும் அந்தம்மா சிரிக்கலீங்க. பார்க்குக்குப் போன் போட்டுச் சொன்னாங்க.

அடுத்த நாளே கிருபாகரன் ஆளனுப்பிட்டான். போனேன். சண்டைக்குத் தயாராப் போனேனுங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஆபீசுக்குள்ள நுழையறேன், அவன் எந்திரிச்சு நின்னு, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பனேங்ணா. வெயில்ல எதுக்குக் கலெக்டர் ஆபீஸெல்லாம் அலைஞ்சீங்க?"ன்னான்.

"எடுத்தாப் பத்தாது. என்ற கண்ணு முன்னால அழிக்கோணும்"னேன்.

"அழிச்சா திரும்ப வராதுங்ணா. இந்த ஒண்ணுதான் இருக்குது."

"அதுக்குத்தான் அழிக்கச் சொல்றேன்."

கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த புள்ளயைப் பாத்து, ஒருக்கா போடும்மான்னான். போட்டா. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள, "வாங்க வாங்க! கண்ணாடி போட்டவங்க கழட்டுங்க..."ன்னு. நல்ல குரலுங்க அது. நான் பொய் சொல்லலை. காட்டாஆஆறுன்னு இழுக்கறப்ப அந்த ரூமு சன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

"முத்தண்ணா, இந்தக் குரலை ஒரு காப்பி எடுத்துத் தர்றேன். வீட்டுல வெச்சுக்குங்க. நாங்க ஓட்ட மாட்டோம்."

"உன்ற பிச்சை எனக்கு வேண்டாம்."

"நாயகி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்ணா."

"என்ற குரலுக்கு அவகிட்ட எதுக்குக் கேக்கோணும்? அழி."

அவன் அப்பறம் அந்தப் புள்ளயைப் பாத்துத் தலையாட்டினான். அவ ஒரு தட்டுத் தட்டினா. முடிஞ்சுது. ஒரு சத்தமில்லை, ஒண்ணுமில்லை. கிருபாகரனுக்கு மூஞ்சி வாடிப்போச்சுங்க. தோத்தவன் மூஞ்சி அப்படித்தானே இருக்கும்? எனக்கு வெளிய வர்றப்ப கால் தரையில நிக்கலை. காந்திபுரம் வந்து ஒரு ஓட்டல்ல நெய் ரோஸ்டு வாங்கித் தின்னேன்.

ஞாயித்துக்கிழமை வெடிஞ்சதும் போயிட்டேன். கூட்டம் கலையறதைக் கண்ணால பாக்கோணுமில்லீங்க? காட்டாறுக்கு எதுத்தாப்பல ஒரு பெஞ்சுல உக்காந்துட்டேன். வந்தாங்க. வரிசை நின்னுச்சு. சரி, பழக்கத்துல வந்துருக்கறாங்க, கூப்புட ஆளில்லைன்னு தெரிஞ்சா போயிருவாங்கன்னு பாத்தேன். போகலை. வரிசை நீண்டுட்டே வந்து என்ற பெஞ்சைச் சுத்தி நிக்குது.

அப்பத்தானுங்க எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. அத்தனை வருசம் அதுக்குப் பக்கத்துலயே நின்னிருக்கறேன், நான் பேசிட்டே இருந்ததுல காதுல உளுந்ததே இல்லை. சங்கிலி கடகடன்னு இழுக்குது. உச்சிக்குப் போனதும் நின்னுருது. ஒண்ணுமே இல்லை. வரிசையில இருக்கறவங்க பேச்சை நிறுத்திப்போட்டு மேல பாக்கறாங்க. அப்பறம் எறங்குது பாருங்க, அத்தனை மரமும் சேந்து ஒரு உறுமலு, அதுக்குள்ள ஜனங்க கத்தறது. உக்காந்திருந்த பெஞ்சு ஆடுது.

பக்கத்துல ஒரு பொம்பளை, புருசனோட நின்னுட்டிருந்துச்சு. கேட்டேன். "ஏனம்மிணி, இங்க ஒருத்தரு மைக்குல கூப்புடுவாரே, கேட்டிருக்கறயா?"

"யாருங்க?"

"வாங்க வாங்கன்னு. காட்டாறு கெளம்பப் போகுதுன்னு."

"கவனிச்சதில்லீங்களே. நான் பாவாடை கட்டின நாள்ல இருந்து வர்றேனுங்க. அந்த மரம் கிறீச்சுங்குது பாருங்க, அதைக் கேட்டாலே வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். அதுக்குத்தான் வர்றது"ன்னுச்சு.

காது மந்தமா இருக்கும் அதுக்கு. இன்னும் நாலு பேரைக் கேட்டேன். விடுங்க. என்னமோ சொன்னாங்க.

சாயங்காலம் நாயகி வந்தா. பையை மாட்டிப்போட்டு, கையைக் காலைக் கழுவிட்டு வந்து எதுக்க உக்காந்தா.

"ஏனுங்க, அதை அழிக்கறதுக்கு முன்னால எனக்குன்னு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

"எதுக்கு? அதான் நான் இருக்கறேனுல்ல?"

"இருக்கறீங்க"ன்னா.

அம்புட்டுத்தான் சொன்னா. எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பத்த வெச்சா. அந்த வாரம் டோக்கனை மாத்தி மாத்திக் குடுத்துப்போட்டாளாம், ஒருத்தரு செருப்பு இன்னொருத்தருக்குப் போயி ஒரே ரகளையாம். கிருபாகரனே வந்து எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தானாம். அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியலீங்க. ஊருல ஒருத்தருக்கும் அந்தக் குரலு போனது தெரியலை, இவ மட்டும் இப்படி இருந்தா?

எனக்கு ஆத்திரம் அடங்கலை. குரலை எடுத்தும் அவன் கொழிக்கறானே! சரி, மரத்துல ஏதோ சூது இருக்குது, ஏறிப் பாத்துக் கண்டுபுடிக்கலாம்னு அடுத்த ஞாயித்துக்கிழமை டிக்கெட் வாங்கிப்போட்டேன். கவுண்டர்ல நாயகி. எல்லாருக்கும் நீட்டற மாதிரி கையை நீட்டினா. கண்ணாடியைக் கழட்டிக் குடுத்தேன். டோக்கன் குடுத்தா.

எடம் கெடைச்சது கடைசிப் பொட்டியில. சங்கிலி இழுக்க ஆரம்பிச்சுது. கை வேர்த்துது, வெயிலுங்க. மேல போகப் போக விண்கோட்டை தெரியுது, டீக்கடை தெரியுது, இந்த அன்னூர் ரோடு தெரியுது. கீழ ஆபீஸ் வாசல்ல வெள்ளைச் சட்டை ஒண்ணு நின்னுட்டிருந்துச்சு. கண்ணாடி இல்லை, ஆனா அவன்தான். எங்கிருந்து பாத்தாலும் எனக்கு அவனைத் தெரியும். அவனைப் பாத்ததும் ஆத்திரம் பொத்துட்டு வந்துச்சு. வைய வாயைத் தொறந்தேன். அந்த நேரம் பாத்து விட்டுருச்சுங்க.

வஞ்சேன் தம்பி. அவனை வஞ்சேன், அவன் மில்லை வஞ்சேன், கம்ப்யூட்டர் தட்டின புள்ளயை வஞ்சேன், விண்கோட்டை மேனேஜரை வஞ்சேன், டாக்டரை வஞ்சேன். மேல ஏறறப்ப வஞ்சேன், எறங்கறப்ப வஞ்சேன், வளைவுல தோளு போயிப் பக்கத்தாளு மேல மோதறப்பவும் வஞ்சேன். சத்தமா வந்துச்சுங்க! பழையபடி இல்லை, பழையபடி எங்க வருது, ஆனா சத்தமா. பக்கத்தாளு என்னைத் திரும்பிப் பாக்கறான். அவனுக்குப் புரியாது. எல்லாரும் கத்தறாங்க, நானும் கத்தறேன்னு நெனைச்சிருப்பான்.

எறங்கி வந்து டோக்கனைக் குடுத்தேன். நாயகி கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்புல தொடைச்சு, அவளே என்ற காதுல மாட்டிவுட்டா.

"கேட்டுச்சுங்க"ன்னா.

"என்ன கேட்டுச்சு?"

"நீங்கதான்."

"அத்தனை பேரு கத்தறதுல என்றது எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"ன்னேன். அவ எனக்குப் பின்னால நின்னவரு கண்ணாடியை வாங்கப் போயிட்டா. ஆனா அன்னிக்குச் செருப்பு ஒண்ணும் மாறலையாம்.

அதுல இருந்து வாராவாரம் போறேனுங்க. ஏறறதுக்கா போறேன்? வையறதுக்குப் போறேன். வேற எங்கியும் வாய் நெறைய வைய முடியறதில்லை, தொண்டை அடைச்சுக்குது. அந்த எறக்கத்துல மட்டும் என்னமோ தொறந்துக்குது. டாக்டரு கத்தக் கூடாதுன்னாரு. கத்தலீங்களே, வையறேன். கிருபாகரனுக்கும் தெரியும். வாசல்ல நின்னு கேக்கறான், சிரிக்கறான். போன வாரம், "மொத வண்டியில கடைசிப் பொட்டி உங்களுக்குத்தானுங்ணா, எடம் வெச்சுருக்கச் சொல்லியிருக்கறேன்"ங்கறான். எம்புட்டுத் திமிரு பாருங்க! வையறவனுக்கே எடம் புடிச்சுத் தர்றான்.

விசிலடிச்சுட்டாரு. எந்திரிங்க, எந்திரிங்க, பின்னால கூட்டம் நெருக்குது. நீங்க மெதுவா டிக்கெட் வாங்கிட்டு வாங்க தம்பி, நான் முன்னால ஓடறேன். மொத வண்டியை வுட்டுறக் கூடாது. வாரம் பூரா யோசிச்சு அவனுக்குன்னு புதுசா ரெண்டு வசவு கொண்டாந்திருக்கேன்.